கரண்ட் வைத்தும் நடை வராதது ஏன்? பக்கவாதத்துக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்துக்குத் தெற்கே ஓர் ஊரில், திண்ணையோரம் கழற்றிவிடப்பட்டிருந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன். வலது செருப்பு புதிதுபோல் இருந்தது. இடது செருப்பின் முன்பகுதி மட்டும், சுண்டுவிரல் பக்கமாக, ரப்பர் மெலிந்து கிழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதற்குரியவரின் பாதம் முன்புறம் தூக்க முடியாமல் தொங்குகிறது, உள்நோக்கி மடங்கித் தரையை உரசுகிறது என்பதை அவரைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் செருப்பு சொல்லிவிட்டது. "மாமாவுக்கு இடது பக்கம் விழுந்து எட்டு மாசமாச்சு. தினமும் எண்ணெய் தேய்க்கிறோம், பதினஞ்சு நாள் கரண்டும் வெச்சோம், நடை மட்டும் வரலை" என்றார் மருமகள். ஒரு நாளைக்கு அவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கேட்டேன். கொல்லைக் கழிவறைக்குப் போய்த் திரும்புவது மட்டும்தான், அதுவும் மகன் தோளில் சாய்ந்தபடி. கணக்குப் பார்த்தால் இருநூறு அடிக்குமேல் தேறவில்லை.

இயன்முறை மருத்துவராக வீடு வீடாகப் போய்வரும் எனக்கு அடிக்கடி கண்ணில் படும் தவறு இதுதான். நோயாளிக்காக மற்றவர்கள் எல்லாவற்றையும் செய்கிறார்கள். நோயாளி தாமாகச் செய்வது மிகக் குறைவு. பக்கவாதத்தில் இறந்துபோன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் சேதமடையாமல் மிஞ்சிய நரம்புப் பாதைகளும், திரும்பத் திரும்ப முயலும்போது, அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. பிறர் காலைத் தூக்கி மடக்கிவிடுவதால் கணுக்கால் இறுகாமல் இருக்கும். அந்த அளவில் அது தேவையானதே. ஆனால் காலை எடுத்து வைக்க மூளை தானாக முயலாதவரை அது நடைப் பயிற்சியாகாது. "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று அன்போடு சொல்லப்படும் சொல்லே பல வீடுகளில் கால் வலுவிழக்கக் காரணமாவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

'கரண்ட் வைப்பது' என்று நம் பக்கத்தில் ஒரே பெயரில் சொல்லப்படுவது மூன்று வேறு சிகிச்சைகள். வலியைக் குறைக்கத் தோளிலோ முழங்காலிலோ வைக்கும் மின் ஒட்டுகள் ஒரு வகை. இவை நடையை மீட்பதற்கானவை அல்ல. முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே செல்லும் நரம்பைத் தூண்டி, அடி எடுக்கும் நேரத்தில் பாதத்தை உயர்த்தும் கருவி இரண்டாவது. 1961-இலேயே லிபர்சன் என்பவர் இதைச் செய்து காட்டினார். மூன்றாவதுதான் மூளைத் தூண்டல். தலைக்கு மேல் சுருளை வைத்துக் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறையை 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் உடன் பணியாற்றியவர்களும் அறிமுகப்படுத்தினர். ஈரப்பஞ்சு மின்முனைகளைத் தலையில் வைத்து 1 முதல் 2 மில்லியாம்பியர் அளவிலான மெல்லிய நேர்மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவது இன்னொரு முறை.

இந்த மூளைத் தூண்டலை ஒரு தனிச் சிகிச்சையாக எண்ணிவிடுவது பெரிய பிழை. தூண்டல் செய்வதெல்லாம் மூளையின் அந்தப் பகுதி எளிதில் விழித்துச் செயல்படும் நிலையைச் சிறிது நேரத்துக்கு மாற்றுவதுதான். அந்த நேரத்திலோ அதை ஒட்டியோ நடைப் பயிற்சி செய்தால் கற்றது நன்றாகப் பதியக்கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள். முறைத் தண்ணீர் வரும் நேரத்தில் மடையைத் திறக்காதவன் வயலுக்கு நீர் பாயாது என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூண்டலை முடித்துக்கொண்டு காரில் ஏறி வீடு வந்து படுத்துவிட்டால், கிடைத்த நேரம் அப்படித்தான் வீணாகும்.

கையில் கிடைத்த பலன் காலிலும் அப்படியே கிடைக்கும் என்று நம்புவதும் சரியல்ல. மூளையில் கைக்குரிய பகுதி மண்டையோட்டை ஒட்டி மேற்பரப்பில் இருக்கிறது. காலுக்குரிய பகுதியோ இரு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கி அமைந்திருப்பதால், அதை எட்டுவது கடினம். காந்தத் தூண்டலுக்கு அதற்கென்றே வளைந்த சுருள் வேண்டியிருக்கிறது. நடை வேகம் கூடியதாகச் சில ஆய்வுகளும், தூண்டலால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று வேறு சில ஆய்வுகளும் கூறுகின்றன. நிலைமை இப்படியிருக்க, 'இத்தனை சிட்டிங்கில் நடக்க வைக்கிறோம்' என்று எவர் உறுதி சொன்னாலும் அதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். விலையுயர்ந்த கருவி இல்லாதவர்கள் மனம் தளரவும் வேண்டாம். 2011-இல் அமெரிக்காவில் வெளியான, 408 பேர் பங்கேற்ற ஆய்வில், உடல் எடையைத் தாங்கும் பட்டையுடன் டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து தந்த வலு மற்றும் சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடைத் திறன் உயர்ந்திருந்தது.

வலிப்பு வந்த வரலாறு, தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர், மண்டையோட்டு எலும்பை அகற்றிய அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் தூண்டலுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கருவி வாங்கி வீட்டிலேயே தலையில் வைத்துப் பார்ப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

தொடக்க நாட்களில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நேர்கின்றன. வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது ஒன்று. மறுநாளே தூக்கி நிறுத்தி நடக்கச் சொல்வது மற்றொன்று. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக அளவில் எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களுக்கு, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட மூன்று மாத முடிவில் பலன் குறைவாகவே இருந்தது. எப்போது உட்கார வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சொல்லட்டும். அவர் அனுமதித்தபின் ஒரு நாளும் வீணாக வேண்டாம்.

நடக்க வைக்கும்போது செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு அந்த இழுப்பில் இறங்கிவிடும். பிறகு அந்த வலியே பயிற்சியைக் கெடுக்கும். இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டி, பலவீனமான பக்கம் நின்று, பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பலவீனமான கால் முன்னே. தொங்கும் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கத் தரப்படும் ஸ்பிளின்ட் என்ற அணைப்பைக் கூச்சப்பட்டுப் பரணில் போட்டுவிடாதீர்கள். கழன்றுவிடும் ரப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலில் வார் உள்ள செருப்பு வாங்குங்கள்.

மருத்துவமனையின் சமதளத் தரையில் நன்றாக நடப்பவர் வீட்டு நிலைப்படியில் தடுக்கி விழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே பழகியது அந்தத் தரையை மட்டுமே என்பதால் இது நேர்கிறது. எனவே நிலைப்படியைத் தாண்டுவது, திண்ணையிலிருந்து எழுவது, டவுன் பஸ்ஸின் உயரமான படிக்குச் சமமான பலகையில் ஏறுவது என அவருடைய அன்றாடமே பயிற்சியாக வேண்டும். நடவு நேரத்தில் வயலைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று வரப்பில் இறங்குகிறவர்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது; வரப்பின் அகலத்தில், வழுக்கும் ஈரத்தில், உணர்ச்சி குறைந்த பாதம் தன் இடத்தை அறியாது. வாரம் ஒருமுறை நேரான இடத்தில் 10 மீட்டரை அளந்து, அதற்கு முன்னும் பின்னும் சில அடி விட்டு, நடக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 25 வினாடிக்கு மேலானால் அவர் நடை வீட்டளவில்தான் இருக்கிறது. 12 வினாடி அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் கடைத்தெரு வரை போய்வரலாம்.

சிலர் நம்புவதுபோல், புறா ரத்தம் தேய்ப்பதால் நரம்பு உயிர் பெறாது. உணர்ச்சியில்லாத காலில் சுடச்சுட ஒத்தடம் கொடுப்பது கொப்புளத்தையும் ஆறாத புண்ணையும் தரும்.

ஆறு மாதத்துக்கு மேல் முன்னேற்றம் வராது என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் பலர். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருப்பது உண்மை. அதன் பிறகும் பயிற்சியால் நடை மேம்படுகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நடை வந்துவிட்டது என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதைப் போல ஆபத்தான தவறு வேறில்லை. மீண்டும் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் திடீரெனத் தளர்ந்தாலோ, எண்ணெயைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, அவருடன் போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.