பறக்கும் தட்டில் இருப்பது நீங்கள்தான்: வேற்றுக்கிரகவாசியாக விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்ட ஒரு நாள், தக்கலை வீட்டில் தங்கச்சி மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, பைசா எல்லாம் தீந்தாச்சு, அப்கிரேடும் வாங்கியாச்சு, ஆனா ஆறாவது லெவல்லயே செத்துட்டு இருக்கேன்" என்றான். பிரவுசரில் ஓடும் சுடும் விளையாட்டுதான். அதில் நாம்தான் வேற்றுக்கிரகவாசி. பறக்கும் தட்டில் வந்து, கீழே இருந்து சுடும் சிப்பாய், டேங்க், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் அழித்து, விழும் காசைப் பொறுக்கி, அடுத்த லெவலுக்கு முன்னால் விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் அப்கிரேடு, அதாவது தட்டையும் துப்பாக்கியையும் பலப்படுத்தும் பொருள்கள், வாங்க வேண்டும். சரி, ஒரு ஆட்டம் ஆடு பார்க்கலாம் என்றேன்.

அவன் தட்டைத் திரையின் நடுவில் நிறுத்திவிட்டு, வருகிறவனை எல்லாம் சுட்டான். பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன. 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நாம் கீழே பீரங்கியோடு நிற்போம், மேலே 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்குவார்கள். இப்படி வருகிறவர்களுக்காகக் காத்திருந்து சுடும் பழக்கம் விளையாடுகிறவர்கள் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே பக்கம் மாறியிருக்கிறது. நீங்கள் ஒருவர், அவர்கள் பலர், எங்கே சண்டை என்று முடிவு செய்கிற உரிமை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் அதையும் கொடுத்துவிடுகிறீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1741-இல் குளச்சலில் இறங்கிய டச்சுக்காரர்கள் கடைசியில் கடற்கரையிலேயே முடங்கிவிட, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைச் சுற்றி வளைத்தது, சரணடைய வேண்டியதாயிற்று. அவர்களில் பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. இதைச் சொன்னதும் பையனுக்குச் சட்டென்று புரிந்தது. எதிரி இரண்டு ஓரத்திலிருந்தும் வருகிறான் என்றால் நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்துக்குப் போய், அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்புங்கள். மறுபக்கத்து ஆட்கள் அதற்குள் வந்து சேர மாட்டார்கள்.

இனி அப்கிரேடு. காசெல்லாம் போவது இங்கேதான். பையன் அத்தனை காசையும் டேமேஜில், அதாவது ஒரு குண்டு எதிரியின் உயிரில் குறைக்கும் அளவில், போட்டிருந்தான். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உதாரணத்துக்கு, ஒரு குண்டுக்கு 10 டேமேஜ், நொடிக்கு 2 குண்டு, அப்படியானால் நொடிக்கு 20. டேமேஜ் அப்கிரேடு ஒவ்வொன்றும் 5 கூட்டும், சுடும் வேகத்தின் அப்கிரேடு ஒவ்வொன்றும் நொடிக்கு 1 குண்டு கூட்டும் என்று வையுங்கள். நான்கு அப்கிரேடையும் டேமேஜிலேயே போட்டால் 30 பெருக்கல் 2, அதாவது 60. இரண்டு இங்கே, இரண்டு அங்கே என்று பிரித்தால் 20 பெருக்கல் 4, அதாவது 80. இரண்டும் ஒன்றோடொன்று பெருகுகிற எண்கள், அதனால் ஒன்றை மட்டும் வளர்த்தால் நட்டம். போதாததற்கு, 20 உயிர் உள்ள சிப்பாயை 30 டேமேஜ் குண்டால் சுட்டால் மிச்சம் 10 வீண். அதோடு பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரே அப்கிரேடைத் திரும்பத் திரும்ப வாங்கினால் அதன் விலை ஏறிக்கொண்டே போகும், அப்போது பிரித்து வாங்குவதுதான் மலிவு.

அதற்காகச் சுடும் வேகத்தை மட்டும் ஏற்றிவிடவும் கூடாது. கவசம் உள்ள டேங்க் ஒவ்வொரு குண்டிலும் 8 கழித்துக்கொள்கிறது என்றால், 10 டேமேஜ் குண்டில் 2 மட்டும்தான் உள்ளே போகும், நான்கு அப்கிரேடையும் வேகத்தில் போட்டு நொடிக்கு 6 குண்டு சுட்டாலும் வெறும் 12. பிரித்து வாங்கியவனுக்கு அதே டேங்கில் குண்டுக்கு 12 வீதம் 4 குண்டு, அதாவது 48. கடைக்குள் போகும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: போன தடவை என்னைக் கொன்றது எது? டேங்க் என்றால் டேமேஜ், கூட்டமாக வந்த சிப்பாய்கள் என்றால் சுடும் வேகம், ஏவுகணை என்றால் தட்டின் வேகம். தட்டின் வேகத்தை ஒரேயடியாக ஏற்றினாலும் சிக்கல்தான், கீயை லேசாகத் தொட்டாலே தட்டு குண்டின் மேல் போய் விழும். காசை இழுக்கும் காந்தம் இருந்தால் சீக்கிரம் வாங்குவது நல்லது, அது எல்லா லெவலிலும் திருப்பித் தரும். காந்தம் இல்லாதபோது ஒரு காசுக்காக டேங்கின் வாய்க்கு நேராக இறங்க வேண்டாம்.

தப்பிக்கும்போது செய்யும் தவறு வேறு. பயந்துபோய் இடமும் வலமும் பெரிதாகத் தாவுவார்கள். எதிரியின் குண்டு சுடும் நேரத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைக் குறிவைத்துத்தான் வருகிறது, தாவிக்கொண்டே இருந்தால் திரை முழுக்கக் குண்டு பரவி, போக வழியே இருக்காது. ஒரே திசையில் மெல்ல மெல்ல நகருங்கள், எல்லாம் உங்களுக்குப் பின்னால் போகும். ஓரம் வந்ததும் ஒரே தாவலில் எதிர்ப்பக்கம் வந்துவிடுங்கள். துரத்தி வரும் ஏவுகணைக்கு நேர்மாறு: கிட்டே வரும்வரை காத்திருந்து சட்டென்று திரும்ப வேண்டும், முன்கூட்டியே திரும்பினால் அதுவும் கூடவே திரும்பிவிடும்.

அப்புறம்தான் அந்த வேடிக்கையைக் கவனித்தேன். பையன் மேல், இடது ஆரோ இரண்டையும் அழுத்தியபடி ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தட்டு நகர்ந்தது, ஆனால் ஒரு குண்டும் வரவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று தடவை முயன்றோம், அப்போதும் அதேதான். விலை குறைந்த பல கீபோர்டுகளில் குறிப்பிட்ட சில கீகளை மூன்றாகச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. அவன் இவ்வளவு நாளும் துப்பாக்கிக்குப் பலம் போதவில்லை என்று நினைத்துக் காசைக் கொட்டியிருக்கிறான், பாவம். டபிள்யூ, ஏ, எஸ், டி கீகளுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்படி மாற்ற முடியாவிட்டால் சுடுவதை மவுசுக்கு மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, சேமிப்பு. இந்த விளையாட்டுகளில் பலவும் உங்கள் அப்கிரேடுகளை அந்த பிரவுசருக்குள்ளேயே வைக்கின்றன. இன்காக்னிட்டோ ஜன்னலில், அதாவது மூடியதும் எதையும் நினைவில் வைக்காத பிரவுசர் ஜன்னலில், விளையாடி மூடினால் எல்லாம் போய்விடும், குக்கீயையும் தள விவரங்களையும் அழித்தாலும் அப்படித்தான். ஃபிளாஷில் செய்த பழைய விளையாட்டுகளுக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது, அவற்றில் பலவற்றை இப்போது ரஃபிள் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம். வேறு டேபுக்குப் போகும் முன் பாஸ் (pause) போட்டு ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள். லெவல் முடிந்த பிறகே சேமிக்கும் விளையாட்டுகள் நிறைய உண்டு, அதனால் மழையும் காற்றுமாக இருக்கும் நாளில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாதபோது, யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் நீளமான லெவலைத் தொடங்காதீர்கள். லெவல் முடிந்து கடை திறந்ததும் வாங்க வேண்டியதை அப்போதே வாங்கிவிடுங்கள்.