செக்கு எண்ணெய் விற்பவர்கள் இன்ஸ்டாகிராமில் நம்பிக்கை பெற

"விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்பதை முதலில் நிறுத்துங்கள். ஆளுக்கொரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது. விலை, அளவு, கூரியர் கட்டணம் மூன்றையும் பதிவிலேயே போடுங்கள். லிட்டரா கிலோவா என்பதும் முக்கியம்: ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். இதைச் சொல்லாவிட்டால், வீட்டில் எடைபோட்டுப் பார்த்தவர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

பயோவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கட்டும். "சுத்தமானது" என்று எழுதுவதைவிட, ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் போவதையும், கருப்பட்டி சேர்த்து ஆட்டுவதையும் வெட்டாமல் ஒரு நிமிட வீடியோவாகக் காட்டுங்கள். உங்கள் விலை ஏன் கூடுதல் என்பது தானாகவே புரிந்துவிடும். அடியில் கசடு படிவது பற்றித் தனிப் பதிவு போட்டு, முகப்பில் பின் செய்து வையுங்கள். பாதிப் புகார்கள் அதைப் பற்றியே வரும். சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்றெல்லாம் மட்டும் எழுத வேண்டாம். அந்த ஆணையத்தின் 2018 உணவு விளம்பர விதிமுறைப்படி அது தவறு.

புட்டி ஒழுகியது என்று யாராவது கமெண்ட் போட்டால் அழிக்காதீர்கள். அன்றைக்கே அங்கேயே பதில் சொல்லி, ஆர்டர் எண்ணை மட்டும் தனியாகக் கேளுங்கள். மாற்றுப் புட்டி போய்ச் சேர்ந்ததும் அதே கமெண்டின் கீழ் இன்னொரு வரி போடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். பாராட்டு ஸ்கிரீன்ஷாட் போடுவதென்றால் அனுமதி கேட்டு, அனுப்பியவரின் ஃபோன் எண்ணை மறைத்த பிறகே.