நோன்பு மாதத்தில் தண்ணீரும் தூக்கமும்: நான் சரிசெய்த விதம்

ரமலான் இரண்டாவது வாரம் வந்தாலே எனக்கு ஓட்டத்தில் கால் கனக்கும், மதியத்துக்கு மேல் தலைவலி வேறு. சஹரில் (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரத்தில்) இன்னும் தண்ணீர் குடி என்பார்கள், ஆனால் கடைசி நேரத்தில் ஒரே மூச்சாகக் குடிப்பதில் பெரும்பகுதி சிறுநீராகத்தான் போகும். சரி, அளந்தே பார்ப்போம் என்று பயிற்சியை இஃப்தாருக்கு (மாலையில் நோன்பு திறப்பதற்கு) முந்தைய ஒரு மணி நேரத்துக்கு மாற்றி, ஓடும் முன் ஒரு தடவை, ஓடி முடித்து வியர்வையைத் துடைத்த பிறகு ஒரு தடவை எடை பார்த்தேன்.

1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. குடிப்பதில் ஒரு பங்கு வெளியேறிவிடும் என்பதால் ஈடுகட்ட 1.25 முதல் 1.5 லிட்டர் வேண்டும். அதை இஃப்தார், தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகைக்கு முன், பின், சஹர் என்று பிரித்துக் குடிக்கிறேன். சாப்பாட்டில் உப்பு இருக்க வேண்டும், சோடியம்தான் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீர் நிறத்தையும் கவனிக்கிறேன், ஆனால் வைட்டமின் பி மாத்திரை சாப்பிட்டால் அதை நம்ப முடியாது.

தூக்கம்தான் பெரிய விஷயம். என் கைக்கடிகாரம் பகல் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காது, அதனால் இரவு, ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பின், மதியம் மூன்றையும் கூட்டி நோட்டில் எழுதுகிறேன். மொத்தம் 6 மணி நேரத்துக்குக் கீழே போனால் அன்று வேக ஓட்டம் கிடையாது, மெதுவோட்டம் மட்டும். இப்போது தலைவலி அநேகமாக வருவதில்லை.

தலை சுற்றி மயக்கம் வந்தால் மட்டும் பிடிவாதம் வேண்டாம், நோயுற்றவர் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்ய (விட்ட நோன்பை வேறு நாளில் நோற்க) மார்க்கத்திலேயே இடமிருக்கிறது.