தெசலோனிக்கியில் உள்ளூர் ஒயினும் சிப்புரோவும் வாங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கிரீஸ் போய்விட்டு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஏர்போர்ட்டில் வாங்கிய மெட்டாக்ஸா பிராந்தி ஒன்று இருக்கும், இல்லையென்றால் பழைய கோயில் தூண் மாதிரி செய்த பாட்டிலில் ஊஸோ என்ற சோம்பு மது இருக்கும். ஏதென்ஸ், சாண்டோரினி என்று சுற்றிவிட்டு வந்தால் அதுவாவது பரவாயில்லை. ஆனால் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான தெசலோனிக்கிக்குப் போய்விட்டு அதோடு திரும்புவது எனக்கு மனசு ஆறாத விஷயம். நாவுசா, கூமெனிசா, எபனோமி என்று கிரீஸின் அருமையான திராட்சை ஊர்களில் சில அந்த நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே விளைந்ததைத்தான் அங்கே வாங்க வேண்டும். எப்படி வாங்குவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: என்ன வாங்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குள் போய் நின்றால் நூற்றுக்கணக்கான பாட்டில்கள் இருக்கும், தலை சுற்றும். அதனால் வெளியிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். முதல்முறை என்றால் என் பரிந்துரை இதுதான்: ஒரு சிவப்பு ஒயின், ஒரு வெள்ளை ஒயின், சின்ன பாட்டிலில் சிப்புரோ (திராட்சைச் சக்கையைக் காய்ச்சி வடித்த மது). மீதியெல்லாம் அங்கேயே குடித்துப் பார்க்க வேண்டியவை.

சிவப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு க்ஸினோமவ்ரோ. வடக்கு கிரீஸின் முக்கியமான கருந்திராட்சை இது. வெர்மியோ மலை அடிவாரத்தில் இருக்கும் நாவுசாவில், லேபிளில் அந்த ஊர்ப் பெயரைப் போட வேண்டும் என்றால் 100 சதவீதம் இந்தத் திராட்சையில்தான் செய்திருக்க வேண்டும், வேறு எதையும் கலக்க முடியாது. கூமெனிசாவில் இதோடு நெகோஸ்கா என்ற இன்னொரு திராட்சையைச் சேர்ப்பார்கள், அதனால் கொஞ்சம் மென்மையாக இருக்கும். இன்னும் மேற்கே, உயரமான இடத்தில் இருக்கும் அமிந்தேயோவில் இதே திராட்சையில் ரோஸே ஒயினும் நுரைக்கும் ஒயினும்கூடச் செய்கிறார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். க்ஸினோமவ்ரோ பார்க்க வெளிறிய சிவப்பாக இருக்கும், லேசான ஒயின் போலத் தெரியும், ஆனால் வாயில் வைத்தால் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கைப் பிடிக்கும். வெயிலில் காய்ந்த தக்காளி, ஆலிவ் வாசம் வரும். இனிப்பான, வழுவழுப்பான ஒயின் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் வாய் அதிர்ச்சியாக இருக்கலாம். தனியாகக் குடிக்காதீர்கள். தக்காளியில் வேகவைத்த ஆட்டுக்கறியோ, கத்தரிக்காய் வதக்கலோ பக்கத்தில் இருக்கட்டும், அப்போதுதான் இந்த ஒயின் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும்.

வெள்ளைக்கு மலகூஸியா. இந்தத் திராட்சையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்த ரகம் இது. 1970களில் வசிலிஸ் லோகோதெதிஸ் என்ற பேராசிரியர் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்த கொடிகளை, வாங்கெலிஸ் யெரோவசிலியூ என்ற ஒயின் நிபுணர் பக்கத்துப் பகுதியான ஹல்கிதிக்கியில் பயிரிட்டுச் செய்து பார்த்தார், பிறகு தன் சொந்த ஊரான எபனோமியில், தெசலோனிக்கிக்குத் தெற்கே கடலோரத்தில், தன் தோட்டத்திலும் நட்டார். இன்று கிரீஸ் முழுக்க மலகூஸியா கிடைக்கிறது. பீச் பழம், பூ, புதினா என்று கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போதே வாசம் வந்துவிடும். ஒயினே குடிக்காதவர்களுக்கும் முதலில் பிடித்துப் போவது இதுதான்.

படி 2: எந்தக் கடைக்குப் போவது

ஒயினும் மதுவகைகளும் விற்கும் தனிக்கடையை அங்கே 'காவா' என்பார்கள். நகர மையத்தில் நடந்து போனாலே கண்ணில் படும். முதல்முறை வாங்குகிறவர்கள் நேராக இதற்குத்தான் போக வேண்டும். கடைக்காரருக்கு விஷயம் தெரியும், ஆங்கிலம் பெரும்பாலும் ஓடும், பல கடைகளில் ஏதாவது ஒன்றைத் திறந்து வைத்திருப்பார்கள், ருசி பார்க்கலாமா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட் மோசமில்லை. மசூட்டிஸ் இந்த ஊரிலேயே தொடங்கிய சங்கிலிக் கடை, அதிலும் ஸ்க்லவெனிடிஸ் போன்றவற்றிலும் தெரிந்த ஒயின் ஆலைகளின் பாட்டில்கள் காவாவைவிடச் சில சமயம் ஒன்றிரண்டு யூரோ குறைவாகவே கிடைக்கும். என்ன வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தால் இங்கே வாங்கலாம், ஆனால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

அப்புறம் அரிஸ்டோடெலூஸ் தெருவை ஒட்டி இருக்கும் கபானி சந்தையும் மோதியானோ சந்தையும். மோதியானோ 1920களில் எலி மோதியானோ என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, ரொம்ப நாள் பாழடைந்து கிடந்து, புதுப்பித்து 2022 கடைசியில் திறந்தார்கள். கபானி இன்னும் பழைய சந்தையாகவே இருக்கிறது, மீன், ஆலிவ், மசாலா, கூச்சல் எல்லாம் உண்டு. சுற்றிப் பார்க்க, சாப்பிட, பக்கத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து சிப்புரோ குடித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. குடித்துப் பிடித்ததன் பெயரைக் குறித்துக்கொண்டு காவாவில் போய் வாங்குங்கள்.

நேரம் முக்கியம். சின்னக் கடைகள் பல திங்கள், புதன், சனிக்கிழமைகளில் மதியத்தோடு மூடிவிடும். செவ்வாய், வியாழன், வெள்ளி மாலையிலும் திறப்பார்கள், நடுவில் மதியம் மூடல். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறீர்கள் என்றால் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி முடித்துவிடுங்கள்.

படி 3: லேபிளைப் படியுங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்

கிரேக்க எழுத்து தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ஒரு சின்ன அடையாளம் போதும். நம்ம 'ப'வைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு எழுத்து வரும், நடுவில் ஒரு வட்டம், மறுபடி கவிழ்த்த 'ப'. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், லேபிளில் போட்டிருக்கும் ஊரில் விளைந்த திராட்சையில், அந்த ஊருக்கு வகுத்த விதிப்படி செய்த ஒயின் என்று பொருள். நாவுசா இந்தத் தகுதியை 1971லேயே வாங்கிவிட்டது. கவிழ்த்த 'ப', கவிழ்த்த 'ட', பிறகு ஆங்கில 'ஈ' என்று இருந்தால் அது அடுத்த வகை: ஒரு பெரிய பகுதியின் பெயரில் வரும், விதிகள் கொஞ்சம் தளர்வு. அதற்காக அது மட்டமான ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள். எபனோமி மலகூஸியா இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது, அதன் தரத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் வகை பாட்டில்கள் பலவற்றில் மூடியின்மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். சிவப்புப் பட்டை என்றால் பொதுவாக இனிப்பில்லாத ஒயின், நீலப் பட்டை என்றால் சாமோஸ் தீவில் மஸ்கட் திராட்சையில் செய்வது மாதிரி இனிப்பு ஒயின். இனிப்பு வேண்டாம் என்றால் கடையில் 'க்ஸிரோ' என்று கேளுங்கள், இனிப்புதான் வேண்டும் என்றால் 'க்ளிகோ'. சிவப்புக்கு 'கோக்கினோ', வெள்ளைக்கு 'லெஃப்கோ'. "கோக்கினோ க்ஸிரோ, நாவுசா, பரகலோ (தயவுசெய்து)" என்று சொன்னாலே கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும்.

அடுத்து வருடம் பாருங்கள். மலகூஸியா இளசாக இருக்கும்போதே குடிக்க வேண்டியது, கடந்த ஒன்றிரண்டு வருட அறுவடையாக இருக்கட்டும். க்ஸினோமவ்ரோ நேர் எதிர். நாவுசா ஒயினை விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் மரப்பீப்பாயில் ஊறவைப்பது மரபு, நல்ல ஆலையின் பாட்டில் பத்து வருடம் தாண்டியும் தாங்கும். உடனே குடிக்கப் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், நாலைந்து வருடம் ஆன ஒன்றை எடுத்துத் தருவார்.

ஆலைப் பெயர்கள் சில மனதில் இருக்கட்டும்: தீமியோபூலோஸ், தலமாராஸ், கிர்-யானி. கிர்-யானியைத் தொடங்கிய யானிஸ் பூட்டாரிஸ் 2011 முதல் 2019 வரை தெசலோனிக்கியின் மேயராகவும் இருந்தவர். ஒயின்காரர் ஒருவரை மேயராக்கிய ஊரில் ஒயின் வாங்குகிறோம் என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

விலை என்று பார்த்தால், சாப்பாட்டோடு குடிக்க அருமையான நாவுசாவோ மலகூஸியாவோ கடையில் சுமார் 10 முதல் 20 யூரோவுக்குள் கிடைத்துவிடும். முதல் பாட்டிலுக்கு அதற்கு மேல் கொடுக்க அவசியமே இல்லை. வெயில் படும்படி கடை ஜன்னலில் நிற்கவைத்த பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள்.

படி 4: சிப்புரோ, சோம்பு போட்டதா போடாததா

ஒயினுக்குப் பிழிந்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கையை ஊறவைத்து, செம்புப் பானையில் காய்ச்சி வடிப்பதுதான் சிப்புரோ. அறுவடை முடிந்து அக்டோபர், நவம்பரில் ஊர் ஊராகக் காய்ச்சுவார்கள். 40 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல் ஆல்கஹால் இருக்கும், அதனால் ஒரே மடக்காகக் குடிக்கிற பானம் இல்லை இது. கிரேக்கர்கள் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. சின்ன கிளாஸ், பக்கத்தில் ஊறுகாய், வறுத்த சின்ன மீன், ஃபேட்டா, பொரித்த சீமைச்சுரைக்காய், ரெண்டு மணி நேரப் பேச்சு.

கடையில் முதல் கேள்வியே சோம்பு போட்டதா, போடாததா என்பதுதான். போட்டது 'மே க்ளிகானிஸோ', போடாதது 'ஹோரிஸ்'. சோம்பு போட்டதில் தண்ணீர் ஊற்றினால் பால் போல வெளுத்துவிடும். சோம்பு எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது, அவ்வளவுதான் காரணம், கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். திராட்சையின் சுவை தெரிய வேண்டும் என்றால் போடாததை வாங்குங்கள். 200 மில்லி பாட்டில்கள் எங்கும் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி.

ஊஸோவும் இதுவும் ஒன்றல்ல. ஊஸோவை விவசாயப் பொருளிலிருந்து எடுத்த சுத்தமான ஆல்கஹாலில் சோம்பு சேர்த்துச் செய்கிறார்கள், சக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல ஊஸோவுக்குப் பேர்போன இடம் லெஸ்வோஸ் தீவு. வாங்கினால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், சோம்பு எண்ணெய் உறைந்து படிகம் கட்டும். கிளாஸில் முதலில் தண்ணீர், பிறகு ஐஸ்.

ரெட்சினா பற்றி ஒரு வரி. வெள்ளை ஒயின் நொதிக்கும்போது பைன் மரப் பிசினைச் சேர்ப்பது. மலமதீனா என்ற தெசலோனிக்கிக் கம்பெனியின் அரை லிட்டர் பாட்டில் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும், சில யூரோதான். பிசின் வாசம் எனக்குப் பிடிக்காது என்று முகம் சுளிக்கிறவர்கள், இதே ஊர்க் கெக்ரிஸ் ஆலை அசிர்டிகோ திராட்சையில் செய்யும் ரெட்சினாவை ஒருமுறை குடித்துவிட்டுப் பேசுங்கள்.

படி 5: சீல் இல்லாததை ஊருக்கு எடுத்து வராதீர்கள்

'ஹீமா' என்று உதிரியாக விற்கும் ஒயின் உண்டு. உணவகத்தில் அதைக் கிலோ கணக்கில் கேட்பார்கள், அரை கிலோ என்றால் ஒரு குடுவையில் வரும். அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டோடு குடிக்க அது நன்றாகவே இருக்கும். ஆனால் தண்ணீர் பாட்டிலில் நிரப்பிக் கொடுக்கும் வீட்டுச் சிப்புரோவை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். காய்ச்சும்போது முதலில் வடிவதை ஒதுக்காமல் விட்டால் வேண்டாதவை கலந்துவிடும். யார் காய்ச்சினார், எப்படிக் காய்ச்சினார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆலைப் பெயரும் ஆல்கஹால் அளவும் அச்சிட்ட, சீல் உடையாத பாட்டில் மட்டும் வாங்குங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: பெட்டியில் அடுக்குவதும் கஸ்டம்ஸும்

எல்லாம் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். கையில் கொண்டுபோனால் 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, பெட்டியின் நடுவில், சுற்றிலும் துணி இருக்கும்படி வையுங்கள். கழுத்துப் பகுதிதான் முதலில் உடையும், அங்கே ஒரு சாக்ஸைக் கூடுதலாகச் சுற்றுங்கள். கோடையில் வாடகைக் காரின் டிக்கியில் பாட்டிலை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகாதீர்கள், சாயங்காலத்துக்குள் ஒயின் வெந்துவிடும்.

இந்தியாவுக்குத் தீர்வை இல்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். லண்டனுக்குப் போகிறவர்களுக்கு நிலைமை எவ்வளவோ மேல், 18 லிட்டர் ஒயினும் 4 லிட்டர் ஸ்பிரிட்டும் கொண்டுபோகலாம். பாரிஸ், ஜெர்மனி பக்கம் இருக்கிறவர்கள் சொந்த உபயோகத்துக்கு என்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சென்னைக்கு வருகிறவர்களுக்கு என் கணக்கு: 750 மில்லியில் ஒரு நாவுசா, ஒரு மலகூஸியா, 200 மில்லியில் சோம்பு போட்ட சிப்புரோ ஒன்று, போடாதது ஒன்று. மொத்தம் 1,900 மில்லி. வீட்டுக்கு வந்ததும் மலகூஸியாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாவுசாவைக் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து ஒரு ஜக்கில் ஊற்றி வையுங்கள், நம்ம ஊர் வெயிலில் அதற்கும் ஒரு கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ் தேவைப்படும்.