பக்கத்து வண்டி கெளம்புனதும் சார்ஜிங்க ஒரு தடவ நிறுத்தி திரும்பப் போடுங்க

நாலு வழிச்சால பக்கம் கயத்தாறு, வள்ளியூர்னு எங்கயாவது எலக்ட்ரிக் கார ரெண்டு கன் (வண்டில சொருகுற பிளக்) உள்ள 60 கிலோவாட் சார்ஜிங் மிஷின்ல போட்டிருக்கீங்க, பக்கத்து கன்ல நின்ன வண்டி கெளம்பிட்டுன்னா உடனே ஸ்க்ரீன்ல கிலோவாட் எவ்வளவுன்னு பாருங்க அண்ணாச்சி, இன்னும் 28, 29லயே நின்னா ஆப்ல ஸ்டாப் குடுத்துட்டு கன்ன கழட்டி மாட்டி திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க.

ரெண்டு வண்டி ஒண்ணா நின்னா அந்த 60ஐ ஆளுக்கு 30ன்னு பிரிச்சிரும், சில மிஷின் அந்தப் பங்க ஆரம்பத்துல மட்டுந்தான் போடும், பெறவு பக்கத்து கன் காலியானாலும் நமக்கு ஏத்திக் குடுக்காது. 30 யூனிட் ஏத்த 30ல ஒரு மணி நேரம், 50 கெடச்சா 36 நிமிஷம். போர்டுல 60ன்னு பெருசா எழுதிருப்பான், பங்கு போடுற கதைய எங்கயும் எழுதமாட்டான்!

பேட்டரி 80 சதவீதத்த தாண்டிட்டா இது வேலைக்காவாது, வண்டியே கரண்ட கொறச்சுதான் வாங்கும். வண்டியே 25, 30க்கு மேல வாங்காதுன்னாலும் வீண் வேலைதான். ஆப் வாலட்ல காசு கம்மியா இருந்தாலும் நிறுத்தாதீங்க, திரும்ப ஸ்டார்ட் ஆவாம மாட்டிக்கிடுவீங்க.