பதின்ம வயதில் முடி கொட்டுகிறதா? எண்ணெயை மாற்றும் முன் பின்கழுத்தைப் பாருங்கள்

15 வயதுப் பெண்ணுக்கு வகிடு அகலமாகத் தெரிந்தால் வீட்டில் முதலில் எண்ணெய் மாறும், அப்புறம் ஷாம்பு, கடைசியில் பழி உப்புத் தண்ணீர் மேல் விழும். பின்கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே தோல் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால், அதை அழுக்கென்று பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பது பெரிய தவறு. தேய்த்தால் புண்ணாகுமே தவிரப் போகாது. பெரும்பாலும் அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும். அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தை ஈரலில் குறைக்கும். அதனால்தான் உச்சந்தலையில் முடி மெலிய, தாடையில் முளைக்கிறது.

உடனே பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்குமிழ்க் கோளாறு) என்று ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகும்வரை சினைப்பையில் நீர்க்குமிழ்கள் நிறையத் தெரிவது இயல்பு; ஸ்கேனை வைத்து முடிவு கட்டுவதில்லை. மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வையுங்கள். முதல் வருடம் தாண்டியும் இடைவெளி 45 நாளுக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சீப்பில் கொத்தாக வருவது வேறு கதை. டெங்கு, டைபாய்டு, பட்டினி டயட் எதுவானாலும் 2, 3 மாதம் கழித்தே கொட்டும். போன வாரம் வாங்கிய ஷாம்புவைத் திட்டிப் பயனில்லை. எடையைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்தினால் இந்தக் கொட்டலும் சேர்ந்துகொள்ளும். கூல்டிரிங்க்ஸை விட்டு, தினம் 60 நிமிடம் ஓடியாடினாலே இன்சுலின் இறங்கத் தொடங்கும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். அதோடு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., 3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி இரண்டும் வேண்டும். எச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. முடிக்கென்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு அளவு தப்பாக வரும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண்.

பையன்கள் அப்பாவின் முடி வளர்ப்பு மருந்தான மினாக்ஸிடிலை எடுத்துத் தடவுவது இப்போது சகஜம். 18 வயதுக்குள் டாக்டர் சொல்லாமல் கூடாது. எந்தச் சிகிச்சையானாலும் முடி மாதம் சுமார் 1 செ.மீ.தான் வளரும். ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு முறை வகிட்டைப் படமெடுங்கள். 6 மாதப் படங்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.