ஓட்டோ சுழற்சி: ஒரு 100 சிசி இஞ்சினை நான்கு மூலைகளில் கணக்கிடுவது எப்படி?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, கைப்பிடியை ஐந்தாறு முறை வேகமாக அழுத்திப் பாருங்கள். பம்பின் அடிப்பகுதி கையில் சுடும். உராய்வும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆனால் உங்கள் கை செய்த வேலைதான் பெரும்பாலும் காற்றுக்குள் சூடாகப் புகுந்திருக்கிறது. அந்தச் சூட்டை விரலால் உணர்ந்தவருக்குப் பெட்ரோல் இஞ்சினின் கணக்கில் கால்வாசி முடிந்துவிட்டது. மீதியைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் இஞ்சினுக்குள் திரும்பத் திரும்ப நடப்பதை எளிமையாக்கி, இறுக்கம், வெப்பம், விரிவு, குளிர்தல் என்று நான்கு கட்டங்களாக எழுதியதற்குத்தான் ஓட்டோ சுழற்சி என்று பெயர்.

ஒரு தாள், ஒரு பென்சில், அடுக்குக் குறி உள்ள ஒரு கால்குலேட்டர் போதும். பள்ளியில் படித்த வாயு விதிகள் நினைவில் இருந்தால் நல்லது. மறந்திருந்தாலும் வழியில் பிடித்துக்கொள்ளலாம்.

இஞ்சினைத் தேர்ந்தெடுத்தல்

நம் தெருக்களில் ஓடும் சாதாரண பைக்கைப் போன்ற ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 சிசி என்றால், பிஸ்டன் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை நகரும்போது கடக்கும் கன அளவு 100 கன சென்டிமீட்டர். மேல்கோடியில் பிஸ்டன் நின்ற பிறகும் அதன் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் மிஞ்சும். நம் இஞ்சினில் அது 12.5 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தச் சிறு இடத்தை எப்படி அளப்பது? பிஸ்டனை மேல்கோடியில் நிறுத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை மேலே பார்க்கும்படி இஞ்சினைச் சாய்த்து, பியூரெட்டிலிருந்து மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிளக் மரையின் அடிவிளிம்பை எண்ணெய் தொட்டவுடன் நிறுத்திவிட்டு, எவ்வளவு இறங்கியது என்று பியூரெட்டில் படித்தால் அதுதான் விடை.

இப்போது இறுக்க விகிதம், அதாவது பட்டறையில் எல்லோரும் சொல்லும் கம்ப்ரஷன் ரேஷியோ:

(100 + 12.5) ÷ 12.5 = 9

100ஐ 12.5ஆல் வகுத்து 8 என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம். மிஞ்சிய இடத்தில் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் இறுக்கப்படுகிறது. அதைக் கூட்ட மறக்காதீர்கள்.

எதையெல்லாம் ஒதுக்கி வைக்கிறோம்

நிஜ இஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி இருக்கிறது, தீ பரவுகிறது, புகை வெளியேறுகிறது. இவை அத்தனையையும் ஒரே நேரத்தில் கணக்கில் கொண்டுவந்தால் தொடக்கத்திலேயே மூச்சு முட்டும். ஆகவே சிலிண்டருக்குள் வெறும் காற்று மட்டும் இருப்பதாகவும், அது நல்லியல்பு வாயுவைப் போல, அதாவது வாயு விதிகளுக்கு முழுவதும் கட்டுப்பட்டு, நடந்துகொள்வதாகவும் கொள்கிறோம். எரிதலுக்குப் பதிலாக வெளியிலிருந்து வெப்பம் கொடுக்கிறோம். புகை போவதற்குப் பதிலாக அதே காற்றைக் குளிர வைக்கிறோம். உராய்வு இல்லை, சுவர் வழியே கசியும் வெப்பமும் இல்லை.

இவ்வளவையும் கழித்துவிட்டால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இறுதியில் வரும் எண்களை வைத்துப் பதில் சொல்கிறேன்.

காற்றுக்கு நமக்குத் தேவையான எண்கள் மூன்று. கன அளவு மாறாதபோது தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், 0.718 கிலோஜூல்/கிலோகிராம்·கெல்வின். வாயு மாறிலி 0.287, அதே அலகில். அழுத்தம் மாறாதபோதும் கன அளவு மாறாதபோதும் உள்ள இரண்டு தன்வெப்பங்களின் தகவு, அதாவது காமா, 1.4.

முதலில் படம்

கணக்கைத் தொடும் முன் படம் வரையுங்கள். நிமிர்ந்த அச்சில் அழுத்தம், கிடை அச்சில் கன அளவு. வலப்பக்கக் கீழ் மூலையில் 1 என்று குறியுங்கள்: பிஸ்டன் கீழே இருக்கிறது, சிலிண்டர் நிறையக் காற்று. அங்கிருந்து இடப்பக்கம் மேல்நோக்கி வளையும் கோடு 2இல் முடிகிறது, இது இறுக்கம். 2லிருந்து நேர் மேலே 3. இது வெப்பம் ஏறுவது. 3லிருந்து வலப்பக்கம் சரிந்து இறங்கும் வளைகோடு 4. இது விரிவு, இஞ்சின் நமக்கு வேலை கொடுக்கும் ஒரே கட்டம். 4லிருந்து நேர் கீழே 1, வெப்பம் வெளியேறுகிறது.

2லிருந்து 3க்கு ஏன் நேர்கோடு? கிராங்க், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் நகர்வைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, சுற்றும்போது மேல்கோடியை ஒட்டிப் பிஸ்டனின் நகர்வு மிகக் குறைவு. அந்தக் குறுகிய பொழுதுக்குள் எரிதலின் பெரும்பகுதி முடிந்துவிடுவதால், கன அளவு மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நான்கு கோடுகளும் சூழ்ந்த பரப்புதான் ஒரு சுழற்சியில் கிடைக்கும் நிகர வேலை.

மூலை 1

வெப்பநிலையை 'வெ' என்றும் அழுத்தத்தை 'அ' என்றும் குறிப்போம்.

வெ1 = 300 கெல்வின் (27 டிகிரி செல்சியஸ்)
அ1 = 100 கிலோபாஸ்கல்

உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது? அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கி, வாயு மாறிலியும் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும். 112.5 கன சென்டிமீட்டரை 0.0001125 கன மீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்.

100 × 0.0001125 ÷ (0.287 × 300) = 0.0001307 கிலோகிராம்

அதாவது 0.13 கிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூடத் தேறாத இந்தக் காற்றுதான் ஒரு பைக்கையும் அதில் உட்கார்ந்திருப்பவரையும் இழுத்துச் செல்கிறது. எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதில்லை.

மூலை 2: சைக்கிள் பம்பில் நடந்தது

வெப்பம் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்கான விதி:

வெ2 = வெ1 × (இறுக்க விகிதம்)^(காமா − 1)
வெ2 = 300 × 9^0.4 = 300 × 2.408 = 722.5 கெல்வின்

அ2 = அ1 × 9^1.4 = 100 × 21.67 = 2167 கிலோபாஸ்கல்

இங்கேதான் விடைத்தாள்களில் அதிகமாகச் சறுக்கல் நடக்கிறது. 300க்குப் பதிலாக 27 டிகிரியை அப்படியே போட்டால் 65 என்று வரும். எண் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்பது மடங்கு இறுக்கிய காற்று 65 டிகிரியில் நிற்காது. நமக்கு வந்த 722.5 கெல்வின் கிட்டத்தட்ட 449 டிகிரி செல்சியஸ். விகிதத்தால் பெருக்கும் இடங்களில் எல்லாம் கெல்வின் கட்டாயம்.

மூலை 3: வெப்பம்

ஒரு கிலோகிராம் காற்றுக்கு 1000 கிலோஜூல் கொடுப்போம். கன அளவு மாறாததால் பிஸ்டன் வேலை செய்வதில்லை. கொடுத்தது முழுவதும் வெப்பநிலையை உயர்த்தவே போகிறது.

வெ3 = 722.5 + 1000 ÷ 0.718 = 2115.3 கெல்வின்

கன அளவு மாறாதபோது அழுத்தமும் வெப்பநிலையும் ஒரே விகிதத்தில் ஏறும்.

அ3 = 2167 × 2115.3 ÷ 722.5 = சுமார் 6346 கிலோபாஸ்கல்

மூலை 4

மறுபடியும் வெப்பப் பரிமாற்றம் இல்லை. இறுக்கியபோது எந்த எண்ணால் பெருக்கினோமோ, விரியும்போது அதே எண்ணால் வகுத்தால் போதும்.

வெ4 = 2115.3 ÷ 2.408 = 878.4 கெல்வின்
அ4 = 100 × 878.4 ÷ 300 = 292.8 கிலோபாஸ்கல்

வேலை முடிந்த பிறகும் காற்று 605 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, அழுத்தமும் வெளியே இருப்பதைப் போல மூன்று மடங்கு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடன் சைலன்சர் வழியே படபடவென்று சத்தம் வருவது இந்த மிச்ச அழுத்தத்தால்தான்.

வரவு செலவு

எல்லாம் ஒரு கிலோகிராம் காற்றுக்கு. பயனுறுதிறன் என்பது கொடுத்த வெப்பத்தில் வேலையாக மாறிய பங்கு.

வெளியேறிய வெப்பம் = 0.718 × (878.4 − 300) = 415.3 கிலோஜூல்
நிகர வேலை = 1000 − 415.3 = 584.7 கிலோஜூல்
பயனுறுதிறன் = 584.7 ÷ 1000 = 58.5 விழுக்காடு

இதைக் குறுக்கு வழியிலும் சரிபார்க்கலாம்:

பயனுறுதிறன் = 1 − 1 ÷ 9^0.4 = 1 − 0.415 = 0.585

இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு மூலையில் பிழை இருக்கிறது.

குறுக்கு வழிச் சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அதில் 1000 கிலோஜூல் எங்கே? இல்லவே இல்லை. எவ்வளவு எரித்தாலும் இந்தச் சுழற்சியின் பயனுறுதிறன் மாறாது. இறுக்க விகிதமும் காமாவும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு செய்திக்காகவே இத்தனை எளிமைப்படுத்தலும் தகும் என்பது என் எண்ணம்.

விகிதத்தை மாற்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 4 என்றால் 42.6 விழுக்காடு. 6க்கு 51.2, 8க்கு 56.5, 10க்கு 60.2, 12க்கு 63.0. தொடக்கத்தில் தாவி ஏறுவது பிறகு தவழத் தொடங்குகிறது. அதோடு விகிதம் ஏற ஏற, தீப்பொறி கிளப்பிய சுடர் வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானே வெடித்து இஞ்சின் தட்டத் தொடங்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். நாக்கிங்கைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது ஆக்டேன் எண். அது அனுமதிக்கும் அளவுவரைதான் விகிதத்தை ஏற்ற முடியும்.

குதிரைத்திறன்வரை போவது

ஒரு சுழற்சியில் கிடைக்கும் வேலை: 0.0001307 × 584.7 = 0.0764 கிலோஜூல், அதாவது 76.4 ஜூல். இதை 100 சிசியால் வகுத்தால் 764 கிலோபாஸ்கல் வரும். இதற்குச் சராசரிப் பயனுறு அழுத்தம் என்று பெயர். பெரிய இஞ்சினையும் சிறிய இஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு சுழற்சி. ஆக நொடிக்கு 50 சுழற்சிகள். 76.4 × 50 = 3820 வாட், சுமார் 3.8 கிலோவாட். இரண்டால் வகுக்க மறந்தால் விடை இரட்டிப்பாகிவிடும்.

1000 கிலோஜூல் எங்கிருந்து வந்தது?

நிஜமாகவே பெட்ரோல் கொடுக்கும் வெப்பத்தைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். அது சுமார் 44,000 கிலோஜூல் தரும். காற்றுக் கணக்கில் கிலோவுக்கு ஏறத்தாழ 3000 கிலோஜூல். அதைப் போட்டால் வெ3 சுமார் 4900 கெல்வின் என்று வந்து நிற்கும். எந்தப் பெட்ரோல் இஞ்சினிலும் அவ்வளவு சூடு வராது. வெப்பநிலை ஏற ஏறத் தன்வெப்பமும் ஏறுகிறது, எரிந்த வாயுவின் மூலக்கூறுகள் ஓரளவு பிளந்து வெப்பத்தை விழுங்குகின்றன, சிலிண்டர் சுவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலை நிஜத்துக்கு அருகில் நிற்கட்டும் என்றுதான் 1000ஐ எடுத்தேன்.

ஆகவே இந்தக் கணக்கின் 3.8 கிலோவாட்டைப் பைக்கின் விளம்பரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அது நாம் எடுத்துக்கொண்ட வெப்பத்தைப் பொறுத்தது. பயனுறுதிறன்தான் ஒப்பிடத் தகுந்தது. சூடான வாயுவுக்குக் காமா 1.4லிருந்து 1.3ஐ நோக்கி இறங்குகிறது. 1.3 போட்டாலே 58.5 என்பது 48.3 ஆகிவிடும். சுவர் வழி இழப்பும் உராய்வும் போக, நிஜத்தில் கையில் கிடைப்பது ஏறக்குறைய இலட்சியக் கணக்கின் பாதி.

இந்தப் 'பாதி' புதிதாக வந்ததல்ல. இறுக்கிய பிறகு எரிக்க வேண்டும் என்ற கருத்தைப் பிரான்சில் போ த ரோஷா என்ற பொறியாளர் 1862இலேயே எழுதிவைத்தார், ஆனால் இஞ்சின் செய்யவில்லை. ஜெர்மனியில் கொலோன் நகருக்கு அருகே டாய்ட்ஸில், இந்தச் சுழற்சிக்குப் பெயர் தந்த நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் செய்து ஓட்டிக் காட்டினார். அவருடைய காப்புரிமை 1886இல் ரத்தானதற்குப் போ த ரோஷாவின் எழுத்தே காரணமாயிற்று. ஓட்டோவின் அந்த இஞ்சினில் இறுக்க விகிதம் சுமார் 2.5தான். நம் சூத்திரத்தில் 2.5ஐப் போடுங்கள்: 30.7 விழுக்காடு. நிஜத்தில் அது தந்தது சுமார் 14. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரும்பு இயந்திரத்துக்கும் இந்தச் சூத்திரம் பொருந்துவதைப் பார்க்கும்போது அதன் மேல் மதிப்பு கூடுகிறது.

டீசலுக்கு என்ன மாற்றம்?

படத்தில் ஒரு கோடு மட்டும் மாறும். 2லிருந்து 3க்கு நேர் மேலே போவதற்குப் பதிலாக வலப்பக்கம் கிடையாகப் போகும்; டீசல் தெளிக்கப்படும்போது பிஸ்டன் இறங்கிக்கொண்டிருப்பதால் அழுத்தம் மாறாமல் நிற்பதாகக் கொள்கிறோம். அந்தக் கட்டத்துக்கு மட்டும் 0.718க்குப் பதில், அழுத்தம் மாறாதபோது உள்ள தன்வெப்பமான 1.005ஐப் பயன்படுத்த வேண்டும். வெப்பம் வெளியேறும் 4லிருந்து 1க்கு 0.718தான், அதையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.

இறுக்க விகிதம் 18 என்றால் வெ2 = 300 × 18^0.4 = 953 கெல்வின், அதாவது 680 டிகிரி செல்சியஸ். தெளித்தவுடன் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குக்கு வேலை இல்லை. வெப்பம் ஏறும்போது கன அளவு இரட்டிப்பாகிறது என்று வைத்தால் வெ3 = 1906, கொடுத்த வெப்பம் 958 கிலோஜூல். வெ4 = 300 × 2^1.4 = 791.7. வெளியேறியது 353. பயனுறுதிறன் 63.2 விழுக்காடு. அதே 18 விகிதத்தில் ஓட்டோ சுழற்சி 68.5 தரும், ஆனால் பெட்ரோல் கலவையை அவ்வளவு இறுக்கினால் நாக்கிங் விடாது. டீசல் இஞ்சினில் இறுக்கப்படுவது வெறும் காற்று. அதனால்தான் அங்கே 18 சாத்தியமாகிறது.

நீங்களே போட்டுப் பார்க்க

முதல் கணக்கில் மிஞ்சிய இடத்தை மட்டும் மாற்றி, இறுக்க விகிதத்தை 10 ஆக்குங்கள். வெ1, அ1, 1000 கிலோஜூல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மூன்றாம் மூலை முன்பைவிடச் சூடாகும், ஆனால் நான்காம் மூலை முன்பைவிடக் குளிரும். 2146.4 கெல்வினும் 854.5 கெல்வினும் வந்தால் கணக்கு சரி.